குமிழ்

எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிய குட்டி கோல்ஃப்.
அதில் ஒருவன் பின்கண்ணாடியில் ஒட்டிய நாயை
இன்னும் முழுசாகச் சுரண்டி முடிக்கவில்லை;
நாக்கும் ஒரு காதும் மிச்சம்.

சிவப்பு என்றுதான் காகிதத்தில் இருக்கிறது.
டர்பன் கடற்காற்று கூரை விளிம்பை
எலி மாதிரிக் கொறித்து வைத்திருக்கிறது.
மழை வந்தால் இடப்பக்கம் ஒழுகும்.
பவர் ஸ்டியரிங் இல்லை. நிறுத்தத் திருப்பினால்
தோள்பட்டைக்குத் தெரியும்.
ஆனால் மூன்றாவது கியரில்
முள் நாலாயிரத்தைத் தாண்டும்போது
அதற்குத் தொண்டை உடைகிறது பாருங்கள்,
பதின்மூன்று வயசுப் பையன் ஒருநாள் காலையில்
அப்பா குரலில் தண்ணீர் கேட்பதுபோல,
அந்த ஒரு சத்தத்துக்குத்தான்
முப்பத்தாறு மாதத் தவணை.

"தம்பி வண்டியா, சிஸி?"
பெட்ரோல் பங்கில் கேட்கிறான்.
நாற்பத்தொரு வயது, ஆஸ்பத்திரிச் சீருடை,
பக்கத்து சீட்டில் சாப்பாட்டு டப்பா.
என்னுடையதுதான் என்றால் சிரிக்கிறான்.
பானட்டைத் திறந்து எண்ணெய்க் குச்சியை நானே உருவினேன் ஒருநாள்.
அன்றிலிருந்து கண்ணாடியை மட்டும் துடைக்கிறான்,
கொஞ்சம் கூடுதலாகவே.

விடிகாலை ஐந்தரை. சாட்ஸ்வர்த்திலிருந்து இறக்கம்.
இந்த நாட்டில் சிக்னலுக்கு ரோபோ என்று பேர்.
மின்வெட்டில் அவை கண் அவிந்து நிற்கும்;
லாரி, டாக்சி, நான், பேருந்து,
ஒருவருக்கொருவர் தலையசைத்து
ஒவ்வொன்றாய்க் கடப்போம்,
பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.
மற்ற நேரத்தில் அந்த மரியாதை கிடையாது.

போன மாதம் கிரே தெருப் பக்கம் நிறுத்திவிட்டு
கறிவேப்பிலையும் ஒரு ஜோடி செருப்பும் வாங்கப் போனேன்.
பன்னிரண்டு நிமிடம்.
பின்கதவின் முக்கோணக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது.
ரேடியோ இருந்தது. சில்லறை இருந்தது. குடை இருந்தது.
கியர்த் தண்டின் தலையில் இருந்த
வெள்ளைக் கோல்ஃப் பந்துக் குமிழ் இல்லை.
வண்டியின் பேருக்காகக் கம்பெனிக்காரன் வைத்த வேடிக்கை அது.

"அக்கா, ஒரிஜினல்னா அதுக்கே தனி விலை இப்போ,"
என்றான் கிரீசன்,
இழவு வீட்டில் நகையை எடைபோடுகிற குரலில்.

காவல் நின்ற ஷான்-போஸ்கோ
காங்கோவில் கணக்கு வாத்தியாராக இருந்தவன்.
ஒன்றுக்குப் போயிருந்தேன் என்று மூன்று தடவை சொன்னான்.
அது குற்றமில்லை என்று நானும்
மூன்று தடவை சொன்னேன்.

பத்து நாள் மொட்டைக் கம்பி.
திருகின் வரிகள் இடது உள்ளங்கையில் பதிந்து
சிவந்து கிடந்தன.
ஊசியைப் பார்க்க மாட்டேன் என்று
என் கையைப் பார்த்த மீன்கடைக்காரர்
"இது என்னம்மா காயம்?" என்றார்.
"செகண்ட் கியர்," என்றேன்.
அவர் சிரித்து முடிப்பதற்குள்
மூன்று குப்பி ரத்தம் எடுத்துவிட்டேன்.

அந்த மொட்டைக் கம்பியோடுதான்
உம்கேனி சாலை ரோபோவில் நின்றபோது
வெள்ளைப் போலோ ஒன்று பக்கத்தில் வந்து உறுமியது.
பொடியன். தொப்பியைத் திருப்பிப் போட்டவன்.
பச்சை.
ஒன்று. இரண்டு. கை எரிந்தது.
எழுபது மீட்டர் நான் முன்னால்.
எழுபதே மீட்டர்; அப்புறம் அவன்
காசு கொடுத்து வாங்கிய டர்போவோடு போய்விட்டான்.
போகிற போக்கில் ஜன்னலுக்கு வெளியே
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.
அன்று இரவு நான் சமைக்கவில்லை.
பன்னி சௌ வாங்கி, விரலெல்லாம் குழம்பாக,
வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தின்றேன்.

நேற்று ஷான்-போஸ்கோ காகிதத்தில் சுற்றி எதையோ நீட்டினான்.
நிஜக் கோல்ஃப் பந்து.
மைதான வேலியோரம் பொறுக்கியதாம்.
கம்பியைக் காய்ச்சித் துளை போட்டிருக்கிறான்.
துளை நடுவில் இல்லை.
கணக்கு வாத்தியார்தானே என்றேன்.
ஐம்பது ராண்ட் கேட்டான். கொடுத்தேன்.

ஒரு பக்கமாய்ச் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது.
நான்காவதுக்கு இழுத்தால் கால் சுற்று சுழலும்.
யாரோ ஓங்கி அடித்த அடியின் தழும்பு
சரியாக என் கட்டைவிரலுக்குக் கீழே வருகிறது.